காமாக் கதிர் வெடிப்பும் நீங்களும்: உங்க கதையைச் சொல்லுங்க

காமாக் கதிர் வெடிப்புன்னா, ரொம்பத் தூரத்து விண்வெளியில் திடீர்னு காமாக் கதிர் பீறிட்டு, சீக்கிரமே அடங்குறது. என்னுடையதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பெருமைப்பட ஒண்ணும் இல்லை, கோட்டை விட்ட கதை.

2022 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை, கோயம்புத்தூர். பௌர்ணமி. மொட்டை மாடியில் எட்டு இன்ச் டாப்சோனியன் தொலைநோக்கியை வச்சு வியாழனைப் பார்த்துக்கிட்டிருந்தேன். வெடிப்பு தெரிஞ்சா உடனே எல்லாருக்கும் தகவல் அனுப்புற நாசாவின் ஜிசிஎன் வலையமைப்போட எச்சரிக்கைகள் போனுக்கு வர்ற மாதிரி அப்பத்தான் புதுசா பதிவு பண்ணியிருந்தேன். சத்தம் வந்ததும் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "ஸ்விஃப்டா? எந்த ஷோரூம்ங்க?"ன்னாங்க. காரில்லை, இந்த வெடிப்புகளைத் தேடுற செயற்கைக்கோள். பறந்துக்கிட்டே சட்டுன்னு திரும்புற உழவாரக் குருவியோட பேர் அது. இதுவும் அப்படித்தான், வெடிப்பு தெரிஞ்சா ஒன்றரை நிமிஷத்துக்குள்ள அந்தப் பக்கம் திரும்பிடும்.

நம்ம நேரத்துக்கு ராத்திரி 7:40க்கு அம்பு விண்மீன் கூட்டத்தில் ஸ்விஃப்ட் எதையோ பார்த்திருக்கு. ஆனா கூடவே வந்த குறிப்பில், இடம் பால்வீதித் தளத்தில் இருக்கு, பிரகாசமும் அதிகம், அதனால நம்ம பால்வீதிக்குள்ளேயே ஏதோ விண்மீன் சேட்டையா இருக்கலாம்னு போட்டிருந்தாங்க. அடச்சேன்னு அழிச்சுட்டு தோசை சாப்பிடப் போயிட்டேன்.

மறுநாள்தான் தெரிஞ்சது. ஃபெர்மி செயற்கைக்கோள் 53 நிமிஷம் முன்னாடியே, 6:47க்கு, ஒரு அசுர வெடிப்பைப் பதிவு பண்ணியிருக்கு. ரெண்டும் ஒண்ணுதான், ஜிஆர்பி 221009ஏ! (ஜிஆர்பின்னா காமாக் கதிர் வெடிப்பு, எண் அது தெரிஞ்ச தேதி.) ஃபெர்மிக்குச் சத்தம் கேட்டுச்சு, ஆள் எங்கேன்னு துல்லியமா தெரியலை. ஸ்விஃப்ட் ஆளைப் பார்த்துச்சு, ஆனா யாருன்னு தெரியாம வேற பேர் வச்சுருச்சு. ரெண்டு துப்பையும் கோர்க்க மனுஷங்கதான் வேண்டியிருந்தது. அதுவரைக்கும் பதிவானதிலேயே பிரகாசமானது இதுதான். ஒளி கிளம்பி சுமார் 190 கோடி வருஷம் ஆகியிருக்கு.

இன்னொண்ணு கணக்குப் போட்டுப் பார்த்தப்ப வயிறு எரிஞ்சது. 6:47க்கு அந்த அம்பு கூட்டம் கிட்டத்தட்ட நம்ம உச்சந்தலைக்கு மேல. இந்தியாவிலிருந்த மின்னல் உணரிகள்கூட வளிமண்டலத்தோட மேலடுக்கான அயனி மண்டலம் கலங்கினதைப் பதிவு பண்ணியிருக்கு. நான் அந்த நேரம் அதே மாடியில் காய்ஞ்ச துணி எடுத்துக்கிட்டிருந்தேன்.

*

கொழும்பிலிருந்து:

அண்ணே, துணி எடுத்த உங்களுக்கே வயிறெரியுதெண்டால் என்ர கதை என்ன சொல்ல? 2008 மார்ச் 19. விடியப்புறம் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இங்க கொழும்பிலதான் காலமானவர். அண்டைக்கு முழுக்க எல்லாரும் அதைப் பற்றித்தான் கதைச்சவை. நான் வெள்ளவத்தையில ஒரு கடையில நிண்டு பேப்பரில அவற்ற படத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான். நேரம் பகல் பதினொண்டே முக்கால் இருக்கும்.

அந்த நேரந்தான் ஜிஆர்பி 080319பி. 750 கோடி ஒளியாண்டுத் தூரத்தில இருந்து வந்த வெளிச்சம், இருட்டான இடத்தில நிண்டு அண்ணாந்து பாத்திருந்தால் வெறுங்கண்ணுக்கே அரை நிமிசம் தெரிஞ்சிருக்கும். இங்க நல்ல வெயில். அமெரிக்கப் பக்கந்தான் இரவு. அதுக்கு அரை மணித்தியாலம் முன்னுக்கு ஸ்விஃப்ட் பக்கத்திலேயே வேறொரு வெடிப்பைக் கண்டுபிடிச்சிருந்தது. அதைப் பாக்கவெண்டு அகலக் கமராக்கள் ஏற்கெனவே அந்தத் திசையில திரும்பியிருந்தபடியால் ரெண்டாவதும் அகப்பட்டது. சும்மா அதிர்ஷ்டம்! இதுக்குக் கிளார்க்கின்ர பேரை வைக்கவேணுமெண்டும் சிலர் கேட்டவை. அதை வாசிச்ச அண்டைக்கு எனக்கு உண்மையாவே கண் கலங்கினது.

*

திருச்சி, கல்லூரி ஆசிரியர்:

நான் வெடிப்பு எதையும் பார்த்ததில்லை. வகுப்பில் பட்ட பாட்டைச் சொல்கிறேன். காமாக் கதிரை லென்ஸாலும் குவிக்க முடியாது, கண்ணாடியாலும் முடியாது, அப்புறம் எப்படி சார் இடம் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஒரு பெண் கேட்டாள். எங்கள் ஊர் ஓலைக் கொட்டகை ஞாபகம் வந்தது. கூரை ஓட்டை வழியாகத் தரையில் விழும் வெயில் பொட்டுகள், பொழுது சாயச் சாய நகரும். பொட்டு கிடக்கும் இடத்தை வைத்தே சூரியன் எங்கே என்று சொல்லிவிடலாம்.

ஸ்விஃப்டின் கூரை ஏறக்குறைய 54,000 ஈயச் சில்லுகள். ஒவ்வொன்றும் 5 மி.மீ. சதுரம், தாறுமாறாகப் பதித்தது. ஒரு மீட்டர் கீழே 32,768 உணரிகள். நிழல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துத் திசையைக் கணக்கிடும்; சில கலைநிமிடத் துல்லியம் கிடைக்கும் (கலைநிமிடம் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு).

தெர்மாகோல் அட்டையில் கண்டபடி ஓட்டை போட்டு, கீழே வரைதாள் விரித்து, டார்ச் அடித்துக் காட்டினேன். முதலில் ஓட்டைகளை வரிசையாக, ஒழுங்காகக் குத்திவிட்டேன். டார்ச்சை எங்கே பிடித்தாலும் பொட்டுகள் ஒரே மாதிரி தெரிந்தன. பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாவது அட்டையை அந்தப் பெண்ணிடமே கொடுத்துக் குத்தச் சொன்னேன். கோணல்மாணலாகக் குத்தினாள், பிரமாதமாக வேலை செய்தது.

ஃபெர்மி வேறு வகை. வெவ்வேறு பக்கம் பார்த்திருக்கும் 12 சோடியம் அயோடைடு உணரிகளில் எதில் எவ்வளவு பட்டது என்று ஒப்பிடும். கண்ணை மூடிக்கொண்டு, எந்தக் கன்னத்தில் சூடு அதிகம் என்று வைத்து அடுப்பு இருக்கும் பக்கத்தைச் சொல்வது போல. பல பாகை தப்பலாம்.

*

திரும்பவும் நானே:

சார், அந்த அட்டையோட போட்டோ இருந்தா போடுங்க, பையனுக்குச் செஞ்சு காட்டணும். போன வாரம் ராத்திரி ரெண்டரைக்கு ஒரு எச்சரிக்கை வந்தது. அழிக்கலை. மாடிக்கு ஓடினேன். நல்ல மழை.