ரிவெர்ப்பை (எதிரொலி போன்ற விளைவு) கூட்டினால் கிட்டார் ஆம்ப் உறுமுகிறதா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஆறுதந்தி:
சர்ச்சில் நான் வாசிக்கும் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்பில் ரிவெர்ப் குமிழை 3-க்கு மேல் திருப்பினால் 'ம்ம்ம்' என்று உறுமும். பூஜ்யத்தில் வைத்தால் அடங்கிவிடும். கிட்டார் வயரைப் பிடுங்கினாலும் மாற்றமில்லை. பழுது பார்க்கும் இடத்தில் வால்வு எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. குமிழோடு சேர்ந்து சத்தம் ஏறி இறங்கினால், அது ரிவெர்ப் வழியாகத்தானே நுழைய வேண்டும்?

ரிவெர்ப் டேங்க்கிலிருந்து (ஸ்பிரிங் இருக்கும் உலோகப் பெட்டி) திரும்பி வரும் வயரை ஆம்ப் பக்கம் கழற்றினேன். உறுமல் நின்றது. அப்போது வால்வு மேல் குற்றமில்லை.

டேங்க்கின் ஒரு முனைச் சுருள் ஸ்பிரிங்கை ஆட்டுகிறது, மறுமுனைச் சுருள் அந்த ஆட்டத்தைத் திரும்ப மின்சாரமாக்குகிறது. அங்கே கிடைப்பது சில மில்லிவோல்ட்தான். அதைப் பல மடங்கு பெருக்குவதால், பக்கத்தில் டிரான்ஸ்பார்மர் இருந்தால் அதன் காந்தப்புலமும் சேர்ந்தே பெருகும். வயரை மறுபடி மாட்டி, அடியிலிருந்த டேங்க்கைத் திருகு கழற்றிக் கையில் எடுத்து மெல்லத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கோணத்தில் உறுமல் காதைப் பிடுங்கியது, இன்னொரு கோணத்தில் கிட்டத்தட்ட காணாமல் போனது. யாரோ முன்பு கழற்றி மாட்டியபோது அவுட்புட் முனையை நேராக மெயின் டிரான்ஸ்பார்மருக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். தலைமாற்றி மாட்டினேன், சரியாகிவிட்டது. செலவே இல்லை.

ஸ்ட்ராட்_கோவை:
எனக்கு டேங்க்கை எப்படித் திருப்பினாலும் ஒரே உறுமல்தான், அண்ணா. புது டேங்க் போட்ட பிறகு ஆரம்பித்தது. பழையதில் அச்சடித்திருந்தது 4ஏபி3சி1பி. அந்த ஐந்தாவது இடத்து 'சி' என்றால் இன்புட் சாக்கெட் டேங்க்கின் உடலோடு ஒட்டாமல், அவுட்புட் மட்டும் எர்த் ஆகியிருக்கும். புதியதில் அந்த இடத்தில் 'ஏ', அதாவது இரண்டுமே உடலோடு சேர்ந்தவை. எர்த் இரண்டு வழியாகச் சுற்றி உறுமியது. 'சி' வகை வாங்கிப் போட்டதும் அமைதி. வாங்கும்போது ஓம்ஸ் (சுருளின் மின்மறிப்பு) மட்டும் பார்க்காதீர்கள், இந்த எழுத்தையும் பாருங்கள்.

வால்வு மெக்கானிக்:
தம்பிகள் இருவரும் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். நான் முதலில் சுருதியைத்தான் கேட்பேன். ஆறாவது தந்தி, மூன்றாவது ஃபிரெட்டில் விழும் ஜி 98 ஹெர்ட்ஸ். உறுமல் அதை ஒட்டி இருந்தால் 100 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் பவர் சப்ளை ஃபில்டர் கெப்பாசிட்டர் (மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது) சோர்ந்திருக்கும். ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸ்: டிரான்ஸ்பார்மர், எர்த், அல்லது டேங்க் வயர் முனையிலுள்ள ஆர்.சி.ஏ. பின்னில் அறுந்த ஷீல்டு (வயரைச் சுற்றியுள்ள காப்புப் பின்னல்). பின்னை விரலால் அசைத்துப் பாருங்கள், சத்தம் மாறினால் வயர்தான்.

டேங்க்கையும் அதன் வயரையும் நீங்களே பார்க்கலாம். கெப்பாசிட்டர் என்றால் மட்டும் சேசிஸை (ஆம்ப்பின் உள் உலோகச் சட்டம்) திறக்காமல் என்னைப் போன்ற ஆளிடம் கொடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட் வரை தங்கியிருக்கும்.