வோக்-ஒன் வீரர்கள்: புலமைப்பரிசில் கொடுக்காமல் சேர்க்கும் ஆட்களால் கொலேஜ் ஃபுட்போல் அணிக்கு என்ன பயன்?

பம்பலப்பிட்டி_7

அமெரிக்கன் ஃபுட்போல் நன்றாகத் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். அக்காவின் மகன் உயர்தரம் முடித்துவிட்டு வீட்டுச் செலவில் அமெரிக்காவுக்கு இன்ஜினியரிங் படிக்கப் போகிறார். பாடசாலை றக்பியில் ஃபிளாங்கர். உயரம் 183 செ.மீ., எடை 92 கிலோ. அங்கே ஃபுட்போல் அணியில் வோக்-ஒன் ஆகச் சேரப் பார்க்கப் போகிறாராம். புலமைப்பரிசில் இல்லாமல் தன் கட்டணத்தைத் தானே கட்டிக்கொண்டு ஆடுவது என்ற அளவுக்கு விளங்குகிறது. நாடு முழுக்கத் தேடிப் பொறுக்கிப் புலமைப்பரிசில் கொடுத்த 85 பேர் இருக்கும்போது இவர்களை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை. 2025இல் 105 பேர் என்று உச்சவரம்பும் வந்துவிட்டதாம். இன்னும் இந்த வழி இருக்கிறதா? றக்பி மட்டும் ஆடியவர் எங்கே தொடங்குவது? காசு கட்டப் போகிறவர்கள் அக்காவும் அத்தானும். அவர்களுக்கு ஒரு தெளிவான பதில் சொல்ல வேண்டும்.

கொட்டாஞ்சேனை_ஸ்கௌட்

முதல் கேள்வியை மட்டும் எடுக்கிறேன். வோக்-ஒன் வீரரின் பெறுமதி சனிக்கிழமை மட்ச்சில் தெரியாது. செவ்வாய், புதன் பயிற்சியில்தான் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். பந்தோடு முன்னேறுகிற ஒஃபென்ஸ் 11, அதைத் தடுக்கிற டிஃபென்ஸ் 11, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மாற்று ஆள் என்றால் 44. கிக்கர் (தரையிலிருந்து உதைப்பவர்), பன்டர் (கையிலிருந்து விட்டு உதைப்பவர்), லோங் ஸ்னப்பர் (அவர்களுக்காகப் பந்தைப் பின்னே எறிபவர்) சேர்த்தால் 47. 85இல் மிஞ்சுகிற 38 பேரில் காயக்காரர்கள் இருப்பார்கள், முதலாம் வருடத்தில் இன்னும் ஆட்டமுறையே மனப்பாடமாகாத பெடியன்கள் இருப்பார்கள். இந்த வாரம் எதிரணி என்ன ஆடும் என்பதை முதல் டிஃபென்ஸுக்குக் காட்ட 11 பேர் வேண்டும். அதே நேரத்தில் பக்கத்து மைதானத்தில் முதல் ஒஃபென்ஸுக்கு எதிரணியின் டிஃபென்ஸாக நிற்க இன்னொரு 11 பேர். இதுதான் ஸ்கௌட் டீம். முதல் வரிசை டிஃபென்ஸ் லைன் (முன்னால் நேருக்கு நேர் மோதுகிறவர்கள்) ஆள் மாற்றி மாற்றி வரும். அதன் எதிரே அதே ஐந்து ஒஃபென்ஸ் லைன்காரர் ஒன்றரை மணித்தியாலம் நின்றால் காலே தூக்க முடியாது. அந்த இடத்துக்கு மட்டும் ஏழெட்டுப் பேர் தேவைப்படும்.

வேலை நடக்கிற விதம் இப்படி. உதவிப் பயிற்றுநர்கள் எதிரணியின் வீடியோவைப் பார்த்து ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரு கார்டில் வரைவார்கள்: 11 பேரின் இடம், ஆட்டத்துக்கு முன் யார் நகர்வது, யார் யாரைத் தடுப்பது, பந்தைப் பிடிக்கிற ரிசீவர் எத்தனை யார்டில் திரும்புவது. கார்டைக் காட்டியதும் ஆட வேண்டும், உடனே அடுத்த கார்ட். பந்தை எடுக்கும் சைகையிலிருந்து எதிரணி மாதிரியே இருக்க வேண்டும்.

இதில் பிழைக்கிற இடங்கள் மூன்று. சோர்ந்துபோய் முக்கால் வேகத்தில் ஓடுவது முதலாவது. டிஃபென்ஸ் அந்த வேகத்துக்குப் பழகி, சனிக்கிழமை அரை அடி பிந்தும். இரண்டாவது, ஒரே கார்ட் திரும்ப வருவதால் பந்து எங்கே போகும் என்று தெரிந்து, கார்டில் உள்ளதை விட்டு அங்கே பாய்வது. அன்றைக்குப் பயிற்றுநர் பார்ப்பார் என்று திறமை காட்டுகிறவர் செய்கிற வேலை இது. முதல் ஒஃபென்ஸ் பொய்யான பாடம் கற்றுக்கொண்டு போகும். மூன்றாவதுதான் ஆபத்தானது: கட்டுப்பாடில்லாமல் முதல் வரிசை வீரரின் முழங்காலில் போய் விழுவது. வேகமும் அடக்கமும் ஒன்றாக இருக்கிற ஆளைக் கண்டுபிடிப்பது கடினம். அப்படி ஒருவர் கிடைத்தால் காசு கொடுத்து வாங்கிய வீரரை விட அவரைப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

ஒரு நல்ல உதாரணம்: 2018 ஜனவரியில் ரோஸ் போல் என்ற பெரிய மட்ச்சில் ஜோர்ஜியாவுக்கு எதிரே ஒக்லஹோமாவின் குவார்ட்டர்பெக் (பந்தை எறிந்து ஒஃபென்ஸை நடத்துகிறவர்) பேக்கர் மேஃபீல்ட். பயிற்சியில் மேஃபீல்டாக ஆடிக் காட்டியவர் ஸ்டெட்சன் பென்னெட் என்ற வோக்-ஒன் குவார்ட்டர்பெக். ஜோர்ஜியா 54–48 என்று வென்றது. அந்த பென்னெட் பிறகு ஒரு ஜூனியர் கொலேஜுக்குப் போய்த் திரும்பி வந்து 2021, 2022 சீசன்களில் ஜோர்ஜியாவுக்கு இரண்டு தேசிய சாம்பியன்ஷிப் எடுத்துக் கொடுத்தார். அவர் ஆடிக் காட்டிய மேஃபீல்டும் வோக்-ஒன் ஆகத் தொடங்கியவர்தான்.

மட்டக்குளி_பன்ட்

அண்ணா சொன்னது சரி. வரலாறு தெரியாமல் 105 விளங்காது என்பதால் அதைச் சேர்க்கிறேன்.

1973இல் என்சிஏஏ (கொலேஜ் விளையாட்டை நடத்துகிற அமைப்பு) ஒரு அணிக்கான புலமைப்பரிசில்களை 105க்கு மட்டுப்படுத்தியது. 1978இல் 95. பிறகு படிப்படியாகக் குறைத்து 1994இல் 85. ஒவ்வொரு தடவை குறைத்தபோதும் வோக்-ஒன் வீரரின் மதிப்பு கூடியது, ஏனென்றால் மட்டுப்பட்டது புலமைப்பரிசில்தான், ஆட்களின் எண்ணிக்கை அல்ல. இதை முழுசாகப் பயன்படுத்தியது பயிற்றுநர் டொம் ஒஸ்போர்னின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணி. உள்ளூர்ப் பண்ணைக் கிராமங்களில் வளர்ந்த பெடியன்களைச் சேர்த்து, நாலைந்து வருடம் ஜிம்மில் வைத்து உடம்பை வளர்த்து, 1994, 1995, 1997 சாம்பியன்ஷிப்புகளை எடுத்தார்கள். அங்கே முன்பு லைன்பெக்கராக (டிஃபென்ஸ் லைனுக்குப் பின்னால் நிற்பவர்) ஆடிய பெரி அல்வாரெஸ் 1990இல் விஸ்கொன்சினுக்குப் பயிற்றுநராகப் போய் அதே முறையை நாட்டினார். ஜே.ஜே. வொட் சென்ட்ரல் மிச்சிகனில் இருந்த புலமைப்பரிசிலை விட்டுவிட்டு வோக்-ஒன் ஆக வந்தது அந்த விஸ்கொன்சினுக்குத்தான். 2011இல் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் வீரர் தெரிவில் 11ஆவது ஆள்.

வொட், மேஃபீல்ட், கிளெம்சனின் ஹன்டர் ரென்ஃப்ரோ (2017 ஜனவரி இறுதியாட்டத்தில் ஒரு விநாடி மிச்சமிருக்க அலபாமாவுக்கு எதிராக டச்டவுன் பிடித்தவர்) போன்ற பெயர்களை அக்காவுக்கும் அத்தானுக்கும் தயவுசெய்து சொல்ல வேண்டாம். வோக்-ஒன் ஆகத் தொடங்கிய சிறந்த வீரருக்கென்றே 2010இலிருந்து பேர்ல்ஸ்வேர்த் விருது இருக்கிறது. வருடத்துக்கு ஒருவர்தான் அதை எடுக்கிறார். மற்றவர்களில் பெரும்பாலோர் ஸ்கௌட் டீமிலும் ஸ்பெஷல் டீமிலும் (பந்தை உதைக்கிற ஆட்டங்களுக்கான அணி) நாலு வருடம் கழித்துப் பட்டத்தோடு வெளியே வருகிறவர்கள். அந்த வாழ்க்கையே தம்பிக்குப் பிடிக்குமா என்று முதலில் கேளுங்கள்.

இனி 105. 2025 ஜூன் 6இல் வீரர்களுக்குக் காசு கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்கின் உடன்படிக்கையை நீதிமன்றம் அங்கீகரித்தது. அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு 85 என்ற புலமைப்பரிசில் வரம்பு போய், மொத்த ஆட்களே 105 என்று ஆனது. புலமைப்பரிசிலைப் பாதி, கால் என்று பிரித்தும் கொடுக்கலாம். முன்பு 120, 130 பேர் வைத்திருந்த இடங்களில் வெட்டு விழுந்தது யார் தலையில் என்று சொல்லத் தேவையில்லை. வரம்பால் இடம் இழந்த பழைய வீரர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். புதிதாக வருகிறவருக்கு அது இல்லை. உடன்படிக்கையில் சேராத பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன, அங்கே இந்த 105 கிடையாது. ஆகவே விண்ணப்பிக்க முதல் ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “நீங்கள் உடன்படிக்கையில் சேர்ந்திருக்கிறீர்களா?”

தெஹிவளை_லைன்பெக்கர்

தம்பியின் அளவுக்கு வருவோம். 92 கிலோவோடு பெரிய டிவிஷனில் லைனில் நிற்க முடியாது; அங்கே ஒஃபென்ஸ் லைன்காரர் 130 கிலோவுக்கு மேல். டிஃபென்ஸின் கடைசியில் நிற்கிற சேஃப்டி இடத்துக்கு எடை சரி, வேகம் போதுமா என்று பார்க்க வேண்டும். லைன்பெக்கர் என்றால் ஏழெட்டுக் கிலோ தசை கூட்ட வேண்டும். ஃபிளாங்கருக்கு இயல்பான வாசல் கிக்கோஃப், பன்ட் அணிகளில் ஓடிப்போய் ஆளை மடக்குகிற வேலைதான். றக்பிக்காரர் திறந்த வெளியில் டக்கிள் செய்வதை அங்கே மதிப்பார்கள்.

தடுமாறப்போகிற இடங்களையும் சொல்கிறேன். றக்பியில் பந்தில்லாதவரை மறித்தால் பெனல்டி. இங்கே மறிப்பதுதான் பாதி ஆட்டம். 120 கிலோ ஆள் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளும்போது அதைக் கழற்றிவிட்டு ஓடுவது ஃபிளாங்கருக்குப் பழக்கமே இல்லாத வேலை, பழகக் குறைந்தது ஒரு சீசன் எடுக்கும். ஹெல்மெட் போட்டதும் தலையைக் குனிந்து மோதுகிற பழக்கம் சிலருக்கு வரும். அது கழுத்துக்கும் கேடு, ‘டார்கெட்டிங்’ என்று வெளியேற்றவும் செய்வார்கள். மடக்குப்படும்போது பந்தைப் பின்னால் தட்டிவிடுகிற கை றக்பியில் வரம், இங்கே எதிரணிக்குக் கொடுத்த பந்து.

தம்பிக்கு நல்ல உதை இருந்தால் பன்டர் வழியை விடவேண்டாம். சிறந்த பன்டருக்கான ரே கை விருதை 2014, 2015இல் டொம் ஹெக்கெட், 2016இல் மிட்ச் விஷ்னோவ்ஸ்கி, 2017இல் மைக்கல் டிக்சன் என்று தொடர்ந்து அவுஸ்திரேலியர்கள் எடுத்தார்கள். ஓடிக்கொண்டே உதைக்கிற பழக்கம் அங்கே பெரிய மூலதனம். பந்து நாலு விநாடிக்கு மேல் காற்றில் நிற்க வேண்டும். லோங் ஸ்னப்பரும் யோசிக்கத்தக்க இடம்: கால்களுக்கிடையால் 15 யார்ட் பின்னே நிற்கும் பன்டரிடம் முக்கால் விநாடிக்குள் பந்தைச் சேர்க்க வேண்டும். சுவரில் இலக்குக் கீறி இங்கேயே பழகலாம்.

பத்திர வேலைகள்: என்சிஏஏயின் தகுதி மையத்தில் வெளிநாட்டு மாணவராகப் பதிவு. சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்களைப் பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து நேரத்தோடு எடுத்து வையுங்கள்; பதிவு இழுபடுவது பெரும்பாலும் இதில்தான். மருத்துவச் சோதனையோடு அரிவாள் செல் தன்மைக்கான இரத்தப் பரிசோதனை முடிவும் கேட்பார்கள். இங்கே தலசீமியாவுக்குச் செய்கிற ஹீமோகுளோபின் எலெக்ட்ரோஃபொரிசிஸ் அதையும் காட்டும், அறிக்கையை ஆங்கிலத்தில் வாங்கினால் போதும்.

முயற்சித் தேர்வு பொதுவாக ஜனவரி, பெப்ரவரியில், சில இடங்களில் ஓகஸ்ட் கடைசியில். முழுநேர மாணவராகப் பதிந்தவர்தான் கலந்துகொள்ளலாம். 40 யார்ட் ஓட்டம், 5-10-5 ஷட்டில் (ஒரு பக்கம் 5 யார்ட், மறுபக்கம் 10, திரும்ப 5 ஓடுவது), நின்ற இடத்திலிருந்து நீளம் பாய்தல், அதன் பிறகு இடத்துக்கேற்ற பயிற்சிகள். 5-10-5இல் திரும்பும்போது கோட்டைக் கையால் தொட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் விடுகிற பிழை அதுதான்.

பம்பலப்பிட்டி_7

மிகவும் நன்றி. செலவுப் பக்கம்? இன்ஜினியரிங் லேப்களோடு இது ஒத்துப்போகுமா?

கொட்டாஞ்சேனை_ஸ்கௌட்

ஹெல்மெட், பேட், பயிற்சிக்கால சிகிச்சை எல்லாம் அணியுடையது. 2014இலிருந்து மேல்மட்டமான டிவிஷன் 1இல் வோக்-ஒன் வீரர்களுக்கும் சாப்பாடு கொடுக்கலாம். கல்விக் கட்டணம், தங்குமிடம் உங்களுடையது. காயம் பட்டால் எந்தக் காப்புறுதி எவ்வளவு கட்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சீசனில் வாரம் 20 மணித்தியாலம், நாளைக்கு 4 என்று விதி. ஆனால் சிகிச்சை, பயணம், தானாகப் பார்க்கிற வீடியோ அதில் அடங்காது. பயிற்சி பெரும்பாலும் பின்னேரம், லேப்களும் பின்னேரம். மோதல் நிச்சயம். காலையில் பயிற்சி வைக்கிற அணிகளும் உண்டு. அதையும் கேட்டுப் பாருங்கள். எஃப்-1 மாணவர் விசாவில் முழுநேரப் பாடச்சுமையைக் குறைக்க முடியாது என்பதால் ஒரு பாடத்தை விட்டுவிட்டுச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

மட்டக்குளி_பன்ட்

டிவிஷன் 3ஐயும் பாருங்கள். ஃபுட்போல் ஆடுகிற இருநூறுக்கும் மேற்பட்ட கொலேஜ்கள் அங்கே உண்டு. யாருக்குமே விளையாட்டுப் புலமைப்பரிசில் இல்லை, அதனால் தம்பி மற்றவர்களோடு ஒரே தரையில் நிற்பார், கல்வித் தகுதிக்கான உதவித்தொகையும் கிடைக்கலாம். மட்ச்சில் ஆட இடம் கிடைப்பது அங்கேதான் சாத்தியம்.

மின்னஞ்சல் தலைமைப் பயிற்றுநருக்கு அல்ல, ஆள் சேர்ப்புப் பொறுப்பாளருக்கும் ஸ்பெஷல் டீம் பயிற்றுநருக்கும் போகட்டும். உயரம், எடை, 40 யார்ட் நேரம், பரீட்சைப் பெறுபேறு, “கட்டணம் முழுவதும் குடும்பம் கட்டும்” என்ற ஒரு வரி. அந்த வரி முதல் பந்தியிலேயே இருக்க வேண்டும். மூன்று நிமிட வீடியோ இணையுங்கள். முதல் அரை நிமிடத்தில் திறந்தவெளி டக்கிள்கள் மட்டும், ட்ரை அடித்தது கடைசியில்.