சின்னக் கப்பலா, பெரிய கப்பலா? அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

வெள்ளவத்தைத் தம்பி:
அப்பா ஓய்வு பெறுகிறார். லண்டனில் இருக்கிற அக்கா குடும்பமும் நாங்களும் சேர்ந்து செப்டெம்பரில் கப்பல் பயணம் போக யோசிக்கிறோம். அக்கா பார்த்து வைத்திருப்பது குரோஷியாவில் ஸ்பிளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் வரை தீவு தீவாகப் போகும் சின்னக் கப்பல். மொத்தமே நாற்பது பயணிகள்தான். அந்தக் காசுக்கு நீச்சல் குளம், நாடக அரங்கு எல்லாம் உள்ள பெரிய கப்பலிலேயே போகலாம் என்று மனிசி நிற்கிறா. அம்மா சைவம். அப்பாவுக்கு முழங்கால் வலி. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

காலிமுகத்திடல் காற்று:
சின்னக் கப்பல்தான், யோசிக்கவே வேண்டாம். எங்கள் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் வருகிற நாளில் போய்ப் பாருங்கள். காலையில் பஸ் பஸ்ஸாகச் சனத்தை ஏற்றுகிறார்கள். கங்காராமய, புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல், கொஞ்சம் துணிக்கடை, பின்னேரம் திரும்பக் கப்பல். கண்டிக்குப் போகிறவர்களுக்குப் போகவர 230 கிலோமீற்றர் பஸ்ஸுக்குள்ளேயே போய்விடும். அவர்கள் கொழும்பைப் பார்த்தார்கள் என்று சொல்வீர்களா? நாற்பது பேர் கப்பல் கோர்ச்சுலாத் தீவில் பழைய நகரத்து மதிலுக்குப் பக்கத்திலேயே கட்டும். இராச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் நடந்தே போகலாம்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அண்ணை, அப்பா ஓய்வெடுக்கப் போகிறார், கல்வெட்டு வாசிக்க இல்லை. பெரிய கப்பலில் கப்பல்தான் ஊர். ஐகன் ஒஃப் த சீஸ் என்று 2024இல் ஓடத் தொடங்கிய கப்பல், கெபினுக்கு இரண்டு பேர் கணக்கிலேயே 5,610 பேரை ஏற்றும். பிடிக்காத ஆளைக் கண்டால் அதில் ஒளிக்க இடமுண்டு. நாற்பது பேருக்குள் முதல் நாளே ஒருத்தருடன் மனஸ்தாபம் வந்தால் ஒரு கிழமைக்கு எங்கே போவீர்கள்? எங்கள் சனம் கலியாண வீட்டில் மூன்று நாள் ஒன்றாக இருந்தாலே என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

பம்பலப்பிட்டி அக்கா:
நான் போனது அந்த வகைக் கப்பலில்தான். விளம்பரத்தில் வராத ஒன்றைச் சொல்கிறேன். அந்தத் தீவுத் துறைமுகங்களில் சீசன் நேரம் எல்லாக் கப்பலையும் கரையோடு கட்ட இடம் காணாது. ஆகவே ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நாலைந்தை அணைத்துக் கட்டுவார்கள். எங்களுடையது கடைசியில் நின்றது. கரைக்குப் போக மற்றக் கப்பல்களுக்குள்ளால் நடக்க வேண்டும், யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மேசைகளைத் தாண்டி. இரண்டு கப்பலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. கீழே கறுப்புத் தண்ணீர், இரண்டும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காது. ஒரு பொடியன் கையை நீட்டிக்கொண்டு நிற்பான், அவன் “இப்போ” என்றவுடன் காலை வைக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள ஐயா இதை ஒவ்வொரு நாளும் செய்வாரா? லிஃப்டும் இல்லை. கெபின் யன்னலைத் திறந்தால் பக்கத்துக் கப்பல் யன்னல், அங்கே ஒரு மனிதர் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறார்.

காலிமுகத்திடல் காற்று:
அக்கா, அது துறைமுக நெரிசலின் குறை, கப்பலின் குறை இல்லையே. பெரிய கப்பலுக்கு மட்டும் இடம் இருக்கிறதா? ஹ்வார் போன்ற தீவில் அது வெளியே நங்கூரம் போடும். பிறகு சின்னப் படகில் இறக்கி ஏற்றுவார்கள், வரிசையில் நின்று. முழங்கால் அங்கேயும் அதே முழங்கால்தான். வெனிஸில் 2021 ஆகஸ்டிலிருந்து 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை நகரின் நடுக் கால்வாய்க்குள் விடுவதே இல்லை.

பம்பலப்பிட்டி அக்கா:
சரி, சாப்பாட்டுக்கு வருவோம். ஒரே சமையல்காரர், முன்கூட்டியே எழுதிக் கேட்டால் சைவம் தருவார். தந்தார். தக்காளி பாஸ்டா, வாட்டிய கத்தரிக்காய், மறுபடி பாஸ்டா. அவருக்குச் சைவம் என்றால் மீன் சேருமோ என்று சந்தேகம் வேறு. கொண்டுபோன ஊறுகாய்ப் போத்தல்தான் காப்பாற்றியது. பெரிய கப்பலில் சாதமும் பருப்பும் கேட்டு வாங்கலாம், பல நிறுவனங்களில் இந்தியச் சமையல்காரர்களே இருக்கிறார்கள்.

என்ஜின் அறை ஐயா:
கப்பலில் வேலை பார்த்தவன், ஆகவே ஆட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெரிய கப்பல் அலையில் குறைவாக ஆடும், அது உண்மை. பக்கவாட்டில் செட்டை மாதிரி இருக்கிற ஸ்டெபிலைசர் ஆட்டத்தை அடக்கும். ஆனால் அது கப்பல் ஓடும்போதுதான் நன்றாக வேலை செய்யும். அதே நேரம், தம்பி சொல்கிற குரோஷியக் கப்பல்கள் பெரும்பாலும் பகலில் சில மணித்தியாலம் தீவுகளுக்கு நடுவில் ஓடி, இரவில் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும். திறந்த கடலில் நித்திரை கொள்ளத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது காற்று. அந்தக் கடலில் தென்கிழக்கிலிருந்து யூகோ என்றொரு காற்று வீசும், அதற்குக் கப்டன் பாதையை மாற்றுவார். தாளில் போட்டிருக்கும் எல்லாத் தீவும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம்.
இன்னொன்று. அந்தாட்டிக்காவில் 500 பேருக்கு மேல் ஏற்றுகிற கப்பல் ஆட்களைக் கரையிறக்கக் கூடாது, ஒரு இடத்தில் ஒரு நேரத்தில் 100 பேருக்கு மேல் நிற்கவும் கூடாது. கலாபகோஸ் தீவுகளிலும் ஒரு கப்பலுக்கு 100 பயணிகள்தான் எல்லை. அங்கே சின்னக் கப்பல் என்பது ஆசையில்லை, வேறு வழியில்லை. குரோஷியாவில் நீங்கள் தெரிவு செய்யலாம், அதனால்தான் இவ்வளவு சண்டை.

கொட்டாஞ்சேனைக்காரன்:
ஐயா, சத்தி வருமா வராதா, அதைச் சொல்லுங்கள்.

என்ஜின் அறை ஐயா:
ஆளைப் பொறுத்தது. சோதிக்க மலிவான வழி காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல். 2024 ஆகஸ்டில் திரும்ப ஓடத் தொடங்கியது, நாலு மணித்தியாலம் அளவில் எடுக்கும். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், பார்த்துப் போங்கள். 2011இல் கொழும்பிலிருந்தே தூத்துக்குடிக்கு ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற கப்பல் ஓடியது, அந்த வருடமே நின்றுவிட்டது. இருந்திருந்தால் அதில் ஏற்றிவிடச் சொல்லியிருப்பேன். கெபினை மட்டும் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

பம்பலப்பிட்டி அக்கா:
கீழ்த்தளம் என்றால் அப்பாவுக்கு இன்னும் இரண்டு வரிசைப் படி ஏற வேண்டும், ஐயா!

காலிமுகத்திடல் காற்று:
விசாவையும் பாருங்கள். குரோஷியா 2023 ஜனவரியிலிருந்து ஷெங்கனுக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள். குரோஷியத் துறைமுகங்கள் மட்டும் என்றால் ஒரு தடவை நுழையும் விசா போதும். பயணத்தில் மொண்டெனேக்ரோவின் கோட்டோர் இருந்தால் ஷெங்கனை விட்டு வெளியேறித் திரும்ப நுழைகிறீர்கள், பல தடவை நுழையும் விசா கேட்க வேண்டும். துருக்கிக்குப் போய்வரும் பெரிய கப்பலுக்கும் அதே கதை. எங்கள் கடவுச்சீட்டோடு போகிறவர்கள் இதைக் கவனிக்காமல் முற்பணம் கட்டக் கூடாது. லண்டன் அக்காவுக்கு இது உறைக்காது, அவவிடம் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இருந்தால்.

வெள்ளவத்தைத் தம்பி:
இருக்கிறது, உறைக்கவும் இல்லை! எல்லாருக்கும் நன்றி. கட்டுகிற இடம், படிகள், சைவம் மூன்றையும் அக்காவைக் கொண்டு கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கச் சொன்னேன். பதில் சரியில்லாவிட்டால் பெரிய கப்பல். மனிசி ஏற்கெனவே வென்றுவிட்ட மாதிரி நடக்கிறா. அப்பாவிடமும் கேட்டேன். எந்தக் கப்பலில் கிரிக்கெட் பார்க்கலாம் என்று கேட்கிறார். யாருக்காவது தெரியுமா?