கீழக்கரை வீடு விலைபோகவில்லை: ஒத்தியா, வாடகையா?

வணக்கம் சொந்தங்களே. வேலைக்காக அடுத்த மாதம் ஓசூர் போக வேண்டும். கடலோர வீட்டுக்குப் பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தம். ஆனால் உயர் அலைக்கோட்டிலிருந்து (பெரிய ஓதத்தில் கடல் நீர் ஏறும் உச்ச எல்லை) 500 மீட்டருக்குள் இருப்பதால், மாடி எழுப்பக் கடலோர ஒழுங்குமுறை விதி குறுக்கே வருமே என்று வாங்க வருபவர்கள் தயங்குகிறார்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி உப்புக்காற்று. போர்டிகோ கூரையில் கம்பி துருப்பிடித்து உப்பி, காரை பாளம் பாளமாகப் பெயர்கிறது. மேலோட்டமாகப் பூசினால் நிற்காது. கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகுதான் பூச வேண்டும். பூட்டிப் போட்டால் இன்னும் மோசமாகும்.

ஒத்திக்கு விட்டால் மொத்தப் பணம் கிடைக்கும். ஆள் வந்து வாங்கும் நேரத்தில் அதைத் திருப்பித் தந்தாக வேண்டும். வாடகைக்கு விட்டால் வீடு காட்டவும் காலி செய்யவும் ஒப்பந்தத்தில் என்ன வாசகம் எழுதினீர்கள்? இந்தப் பூச்சு வேலை தெரிந்த கொத்தனார் ராமநாதபுரம் பக்கம் இருக்கிறாரா? தயவுசெய்து சொல்லுங்கள்.