பிரிட்டனில் டிஸ்போசபிள் வேப் தடை: மீண்டும் சிகரெட்டுக்குப் போகாமல் இருக்க வழி என்ன?

கேள்வி (லெஸ்டர் வாசகி)

வணக்கம். பதினெட்டு ஆண்டுகள் சிகரெட் பிடித்த என் கணவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் டிஸ்போசபிள் வேப்பின் (ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் மின்சிகரெட்டின்) துணையோடு அதை விட்டார். 2025 ஜூன் 1 முதல் அவற்றின் விற்பனை தடை செய்யப்பட்டதால், முன்பே வாங்கி வைத்திருந்தவற்றைக் கொண்டு சமாளித்தார். அவையும் தீர்ந்துவிட்டன. சென்ற வாரம் துவைப்பதற்காக எடுத்த அவருடைய கோட்டுப் பையில், பாதி காலியான சிகரெட் பெட்டி ஒன்று இருந்தது. சட்டத்தை நான் குறை கூறவில்லை. எங்கள் தெரு ஓரத்திலேயே எத்தனையோ வேப்கள் நசுங்கிக் கிடந்தன. ஆனால் அவர் இனி எதற்கு மாறுவது? டிசம்பரில் சென்னைக்கும் போகிறோம்.

பதில் 1 (ஹாரோவில் கடை வைத்திருப்பவர்)

சகோதரி, தடை விற்பனைக்கும் விநியோகத்துக்கும்தான். கையில் இருப்பதைப் பயன்படுத்துவது குற்றமன்று. சார்ஜ் செய்யவும் திரவத்தை மீண்டும் நிரப்பவும் முடிகிற கருவியை இன்றும் சட்டப்படி விற்கலாம்.

பழைய வேப்பில் பெரும்பாலும் 2 மில்லி திரவமும், மில்லிக்கு 20 மில்லிகிராம் நிக்கோடினும் இருந்தன. ஆகவே பாட் எனப்படும் சிறு திரவக்கூடு பொருத்திய எளிய கருவி ஒன்றையும், அதே 20 அளவுள்ள நிக்கோடின் சால்ட் (உப்பு வடிவ நிக்கோடின்) திரவத்தையும் வாங்கித் தாருங்கள். பலர் அவசரப்பட்டுக் குறைந்த அளவை வாங்கி, ஏக்கம் தணியாமல் சிகரெட்டுக்குத் திரும்புவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 10 மில்லி குப்பி ஒன்று பழைய வேப் ஐந்துக்குச் சமம். புதிய பாடில் திரவத்தை ஊற்றியதும் இழுக்கக் கூடாது; திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயிலைச் சுற்றியுள்ள பஞ்சு நனையப் பத்து நிமிடமாவது விட வேண்டும். இல்லையென்றால் பஞ்சு கருகி, தொண்டையைக் கமறவைக்கும் தீய்ந்த சுவை வரும். இந்தக் கருவியே வேண்டாம் என்று முதல் நாளே தூக்கிப் போடுபவர்கள் இதனால்தான் போடுகிறார்கள். 2026 அக்டோபர் 1 முதல் 10 மில்லிக்கு 2.20 பவுண்டு வரி என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேசைக்கு அடியிலிருந்து எடுத்துத் தரும் டிஸ்போசபிள்களை மட்டும் வாங்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

பதில் 2 (புகை நிறுத்த ஆலோசகர்)

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். நிக்கோடின் அடிமைப்படுத்தும், ஆனால் புகைப்பவரின் நுரையீரலையும் இதயத்தையும் பெரிதும் கெடுப்பவை எரியும் புகையிலையின் தாரும் கார்பன் மோனாக்சைடும்தான். எனவே கோட்டுப் பையில் இருந்த அந்தப் பெட்டிதான் இப்போது அவசரமான பிரச்சினை. அவரைக் கடிந்துகொள்ளாமல், உள்ளூர் என்எச்எஸ் (பிரிட்டனின் அரசு மருத்துவ அமைப்பு) புகை நிறுத்தச் சேவைக்கு அழைத்துச் செல்லுங்கள்; ஆலோசனை இலவசம். நாள் முழுதும் மெதுவாக நிக்கோடின் தரும் பேட்ச் ஒன்றை ஒட்டிக்கொண்டு, திடீர் ஏக்கத்துக்கு நிக்கோடின் சூயிங்கமோ வாய் ஸ்பிரேயோ பயன்படுத்துவது, ஒன்றை மட்டும் நம்புவதைவிட நன்றாகப் பலன் தருகிறது. நிக்கோடினே வேண்டாம் என்றால் வாரெனிக்ளின், சைட்டிசின் மாத்திரைகள் உள்ளன. இரண்டுக்கும் மருத்துவச் சீட்டு வேண்டும். சைட்டிசின் 25 நாள் மருந்து.

பதில் 3 (குரோய்டன் வாசகர்)

சென்னைப் பயணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இந்தியாவில் 2019 முதல் மின்சிகரெட்டுகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமிப்பு எல்லாமே தடை. முதல் முறை விற்றாலோ கொண்டுவந்தாலோ ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நிரப்பக்கூடிய கருவிக்கும் விலக்கில்லை என்பதால், அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, பேட்சையும் சூயிங்கத்தையும் எடுத்துச் செல்லுங்கள். புறப்படுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே அவற்றுக்குப் பழகட்டும்.

தீர்ந்த பழைய வேப்களைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை லாரிக்குள் நசுங்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடும். வேப் விற்கும் கடைகள் பழையவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவை. கேட்டால் பெட்டியைக் காட்டுவார்கள்.