பொது வார்டிலும் பெண்களை நிற்கச் சொல்லலாமா?

களத்துமேடு:
எங்கள் ஒன்றியத்தில் மகளிர் குழுப் பெண்களிடம் அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நிற்கச் சொல்லிப் பேசி வருகிறேன். எல்லாரும் முதலில் கேட்பது, "நம்ம வார்டு லேடீஸ் வார்டா?" இல்லை என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். 2016இல் தமிழ்நாடு பெண்கள் ஒதுக்கீட்டை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதியாக்கியது. மீதிப் பாதி பொது வார்டு. ஆண்கள் வார்டு என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது. 2019இல் ஊராட்சி வார்டுக்கு டெபாசிட் 200 ரூபாய்தான், பட்டியல் சாதியினருக்கு 100. "நீ நில்லு" என்று யாரும் சொல்லாததுதான் பெரிய தடை.

தெற்குவாசல்:
என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கள் ஊரில் ஐந்து வருடம் ஒரு பெண்தான் தலைவர். ஆனால் ஊரே 'தலைவரே' என்று கூப்பிட்டது அவர் கணவரை. கிராம சபையில் மைக் பிடித்ததும் அவர்தான். அந்த அம்மா கையெழுத்துப் போட மட்டும். பொது வார்டிலும் பெண்களை நிறுத்தினால் இப்படிப்பட்ட கணவர்கள்தான் கூடுவார்கள். முதலில் இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

முன்னாள் மெம்பர்:
நானும் அப்படித்தான் உள்ளே போனேன், தம்பி. வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் என் பெயரில் மனுவை எழுதியது வீட்டுக்காரர். முதல் வருடம் தீர்மானப் புத்தகம் வீட்டுக்கே வரும், படிக்காமல் கையெழுத்துப் போடுவேன். கோடையில் எங்கள் தெருவுக்குப் பன்னிரண்டு நாள் தண்ணீர் இல்லை. பெண்கள் குடத்தோடு என் வாசலில் நின்றார்கள். வீட்டுக்காரர் வெளியூரில். நானே ஊராட்சி அலுவலகம் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். மோட்டார் ரிப்பேருக்கென்று ஏற்கெனவே செலவுத் தீர்மானம் இருக்கிறது, கீழே என் கையெழுத்து! அன்று பட்ட அவமானம் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு புத்தகம் என் வீட்டுப் படி ஏறியதில்லை. டம்மியாகப் போனவள் கடைசிவரை டம்மி என்று நீங்களே ஏன் முடிவு கட்டுகிறீர்கள்?

தெற்குவாசல்:
அக்கா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் தட்டிக் கேட்டவர்களுக்கு என்ன நடந்தது? மதுரை வில்லாபுரத்தில் தண்ணீருக்காகப் போராடிய கவுன்சிலர் லீலாவதியை 1997இல் வெட்டிக் கொன்றார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படத்தை எல்லாரும் பார்த்தோம். எனக்கும் மகள் இருக்கிறாள். பாதுகாப்பு இல்லாத இடத்துக்கு வா என்று கூப்பிட மனம் வரவில்லை.

களத்துமேடு:
அந்தப் பயம் நியாயமானது. ஆனால் தெற்குத்திட்டையை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். ஊராட்சி செக்கில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். சுற்றியிருப்பவர்கள் ஒத்துழைக்காவிட்டால் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தும் ஒரு பைப் லைன் போட முடியாது. பொது வார்டிலும் பெண்கள் வரட்டும் என்று நான் சொல்வது இதனால்தான். தனியாக மாட்டிக்கொள்ளும் பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் நாலு பேர் வேண்டும்.

புள்ளிக்கோலம்:
இடையில் ஒரு தகவல். மும்பை மாநகராட்சித் தேர்தல்களை வைத்து ரிகில் பவ்நானி 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு அடுத்த தேர்தலில் பொதுவான வார்டுகளையும், அந்த ஒதுக்கீடே இல்லாத வார்டுகளையும் ஒப்பிட்டார். முதல் வகையில் பெண் ஜெயிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு.

தெற்குவாசல்:
மும்பை பெரிய நகரம், கட்சிகள் சீட் கொடுக்கும் இடம். இங்கே ஊராட்சி வார்டில் கட்சிச் சின்னமே இல்லை, சாதியும் சொந்தமும்தான் ஓட்டு. சீட் கொடுக்கும் கட்சிகளையும் பார்த்துவிட்டோம். 2021 சட்டமன்றத்துக்கு 234 பேரில் 12 பெண்கள்தானே போனார்கள்? சரி, நேராகவே கேட்கிறேன். அக்கா, உங்கள் வார்டு பொது வார்டானால் நீங்கள் நிற்பீர்களா?

முன்னாள் மெம்பர்:
நிற்பேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. முன்மொழிய எங்கள் குழுவில் ஒருத்தியிடம் கேட்டிருக்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.