புதுப்பிப்பு: அப்பாவை செந்தூல் நாடகத்துக்குக் கூட்டிப் போனேன்

போன வாரம் கேட்டிருந்தேனே, முட்டிவலி உள்ள அப்பாவை கோலாலம்பூர் செந்தூலில் உள்ள கேஎல்பேக் கலையரங்குக்கு இரவு 8.30 காட்சிக்கு அழைத்துப் போகலாமா என்று? போய் வந்துவிட்டோம். கிரேப் வாடகைக் கார் எடுக்கச் சொன்ன அக்காவுக்கு முதல் நன்றி. அரங்கம் பூங்காவுக்குள் தள்ளி இருக்கிறது, ரயிலில் போயிருந்தால் அவரால் அவ்வளவு தூரம் நடந்திருக்க முடியாது. ஜாலான் ஈப்போ சாலையில் மழையும் ஜாமும், ஆனாலும் ஏழேமுக்காலுக்கே சேர்ந்துவிட்டோம்.

அந்த முக்கால் மணி நேரம்தான் எனக்கு நாடகத்தைவிடப் பெரிது. 2005இல் திறந்த அந்த அரங்கம் பழைய ரயில்வே கட்டடத்தில் எழுந்தது, சிவப்புச் செங்கல் சுவரை அப்படியே வைத்துக் கண்ணாடியைச் சேர்த்திருக்கிறார்கள். அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். உள்ளே நுழையாமல், மழையில் நனைந்திருந்த செங்கல்லை உள்ளங்கையால் தடவிக்கொண்டே, "இந்தப் பக்கம் ஒரே கரியும் எண்ணெயுமா இருக்கும்டா" என்றார். அதுவரை வேலையைப் பற்றி அவர் என்னிடம் வாய் திறந்ததே இல்லை.

நாடகம் உள்ளே பெந்தாஸ் 2 என்ற மேடையில், சின்ன அரங்கம், நடிகர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அப்பா தூங்கவே இல்லை.

அப்புறம், அரங்குக்குள் ஏசி குளிர் கடுமை, பெரியவர்களுக்கு ஒரு சால்வை கட்டாயம் எடுத்துப் போங்கள். ஓர இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள், கால் நீட்ட அதுதான் வசதி. அடுத்த மாதத்துக்கும் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன்.